கற்றளி என்று பெயர் கொண்டவள்

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்ப்பவருக்கு, ‘மூவர்’ என்றால் மும்மூர்த்திகளோ மூவேந்தரோ என்றுதான் முதலில் தோன்றும். நடுத்தளியின் சுவரில் கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு வேறு விடை சொல்கிறது. இருக்குவேள் மரபின் பூதி விக்கிரமகேசரி இங்கே மூன்று விமானங்களை எழுப்பினான். ஒன்று அவன் பெயரில். மற்ற இரண்டு அவன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரில்.

கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். செங்கல் தளிகள் கல்லுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் அரசிக்கு அப்படி ஒரு பெயர்!

உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் இருந்த ஊர் இது. சிலப்பதிகாரம் இதைக் கொடும்பை என்கிறது. சோழருக்கும் பாண்டியருக்கும் நடுவே இருந்த இருக்குவேளிர், சோழரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். விக்கிரமகேசரியின் தாய் அனுபமா சோழர் குலத்துப் பெண் என்று அதே கல்வெட்டு சொல்கிறது.

அப்படிச் சோழ வீட்டுக்கு மருமகளாகப் போனவள் பூதி ஆதிச்ச பிடாரி. தென்னவன் இளங்கோவேளின் மகள். முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் மனைவி. பிற்காலத்தில் அரிஞ்சயன் என்ற பெயரில் சில காலமே அரசாண்டவன் இவனே என்பது ஆய்வாளர் கருத்து. இன்று ‘பிடாரி’ என்றால் வசைச்சொல். அன்று ஊர் காக்கும் தெய்வத்தின் பெயரை ஓர் இளவரசி தாங்கினாள்.

திருச்சிக்கு மேற்கே, காவிரித் தென்கரையில் திருச்செந்துறை இருக்கிறது. அங்குள்ள சந்திரசேகரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவள் பிடாரிதான். கணவன் அரியணை ஏறும் முன்பே, இளவரசனாக இருந்தபோதே செய்த பணி அது. கல்வெட்டு அவளை இன்னார் மகள், இன்னார் தேவி என்று பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் சேர்த்தே குறிக்கிறது.

சோழர் பட்டம் அரிஞ்சயனின் இன்னொரு மனைவி, வைதும்பர் குலத்துக் கல்யாணி பெற்ற சுந்தர சோழனுக்குப் போனது. பிடாரியின் பெயர் நிலைத்தது அவள் எழுப்பிய கோயிலில்தான். அவளுக்கு ஓரகத்தி முறையான செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் மறைந்த பின் பல செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிப் பெரும்புகழ் பெற்றார்.

இதற்கெல்லாம் முன்னோடி நார்த்தாமலையில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. முத்தரையர் குலத்துச் சாத்தன் பழியிலி அங்கே சிவனுக்குக் குடைவரை குடைவித்தான். அதன் முன்னே முகமண்டபமும் இடபமும் இடபக்கொட்டிலும் பலிபீடமும் செய்வித்தவள் அவன் மகள் பழியிலி சிறிய நங்கை. காளைக்கு ஒரு கொட்டில் வேண்டும் என்று நினைத்துக் கட்டிய அந்த மனசு ஆயிரம் ஆண்டு கடந்தும் நமக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் கொடும்பாளூர் என்றதும் வானதியை நினைக்கிறார்கள். அவளோடு பிடாரியையும் நினைக்க வேண்டும். சோழர் காலத்துப் பெண்களின் கோயில் பணியைச் செம்பியன் மாதேவியிலிருந்து தொடங்குவது போதாது. நார்த்தாமலையிலிருந்தும் கொடும்பாளூரிலிருந்தும் தொடங்குவதே முறை.

மூவர் கோயிலின் மூன்று தளிகளும் மேற்கு நோக்கியவை. நடுத்தளியும் தென்தளியும் இன்றும் விமானத்தோடு நிற்கின்றன. வடதளியில் எஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே.