பரணில் கிடக்கும் கிடார்

பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டான். கிடார் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "தாத்தா, இதில் எதை வாங்கலாம்?" என்று செல்போனில் நாலைந்து படங்களைக் காட்டினான். ஒரு கிடாரை வாங்கிப் பாழாக்கியவன் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்கு விஷயம் இருந்தது.

1980-இல் 'மூடுபனி' வந்தது. பிரதாப் போத்தன் கிடாரோடு பாடும் காட்சியைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். மறு வருஷம், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு பாணாவரம் போய் ரயிலேறினேன். சோளிங்கபுரம் ஸ்டேஷன் என்பது அங்கேதானே இருக்கிறது! மவுண்ட் ரோட்டில், 1842-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனமான மியூசி மியூசிகலின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. சென்ட்ரலுக்குத் திரும்பி, பக்கத்து மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழைய கிடார் ஒன்றை வாங்கினேன். 1985-இல் தீக்கிரையான அதே மூர் மார்க்கெட்தான்.

அதில் இருந்தது நைலான் கம்பி. சினிமாவில் கேட்ட கணீர் ஓசை அதில் வரவில்லை. எஃகுக் கம்பி வாங்கி மாட்டிவிட்டேன். ஓசை வந்தது. சித்திரை வெயிலில் ஒரு மதியம் 'படார்' என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பலகையோடு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. "காசைக் கரியாக்கினாயே" என்றார் அப்பா. அதன் பிறகு நான் கிடார் வாங்கவில்லை.

தப்பு எங்கே என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. கிடாரில் இரண்டு வம்சம் உண்டு. ஒன்று ஸ்பெயின் வம்சம். 19-ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தே தோரஸ் என்ற கைவினைஞர் அதன் இன்றைய அளவையும் வடிவையும் நிலைநிறுத்தினார். மேல்பலகைக்கு அடியில் விசிறிபோல் மெல்லிய பட்டைகள் இருக்கும். அதற்குக் கட்டியது குடல் நரம்பு. நம் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆட்டுத்தோலின் அருமை எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக் குடலும் சங்கீதத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் அந்த நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட, கிடாருக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் கம்பி செய்து பார்த்தார். கிடார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார்.

மற்றது அமெரிக்க வம்சம். 1833-இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்த மார்ட்டின் தொடங்கிய பட்டறை, 1920களில் எஃகுக் கம்பிக்கென்றே கிடார்களைச் செய்ய ஆரம்பித்தது. உள்ளே பெருக்கல் குறிபோல் கனத்த பட்டைகள். ஆறு எஃகுக் கம்பிகளின் இழுவிசை சுமார் 70 கிலோ. நைலானுக்கு 40 கிலோதான். 40 கிலோ தாங்கும் பலகை மேல் 70 கிலோவை ஏற்றியவன் நான்.

பேரனிடம் சொன்னேன்: முதலில் எந்த மாதிரிப் பாட்டு வாசிக்க ஆசை என்று முடிவு செய். சினிமாப் பாட்டுக்குத் தாளத்தோடு மீட்ட எஃகு. ஒவ்வொரு நரம்பாக விரலால் வாசிக்க நைலான். நைலான் விரலை அதிகம் நோகடிக்காது, ஆனால் கழுத்து அகலம். எதுவானாலும் 12-ஆவது மெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார். மிக உயரமாக இருந்தால் அழுத்தி அழுத்தியே வெறுத்துப்போவாய். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்திக் கேள், எங்கேயும் கரகரக்கக் கூடாது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. அழகையும் பளபளப்பையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பரணிலிருந்து பழைய கிடாரை இறக்கினேன். பேரன் செல்போன் டார்ச்சை நடு ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தான். "தாத்தா, விசிறி மாதிரியே இருக்கு!" என்றான். 1981-இல் நானும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம்.

அவனுக்கு நைலான்தான் வேண்டுமாம். வரும் சனிக்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறோம். இந்த முறை கடைக்கு உள்ளே போவதாக இருக்கிறேன்.