உறுதி எங்கே?



சிட்னியில் எங்கள் வீட்டுக் கடன் 2022 இல் கட்டி முடிந்தது. செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்ப உறுதி எங்கை தம்பி?" 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, நகைக்கு முன்னால் காணி உறுதியைப் பைக்குள் வைத்தவர் அவர். கணக்காளனான நானே பதில் சொல்லத் தடுமாறினேன். அந்தப் பதில்தான் இம்மாதப் பேச்சு.

ஊரில் காணி கைமாறும்போது நொத்தாரிசு உறுதி முடிப்பார். பழைய உறுதிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். ஒன்று தொலைந்தாலோ, கள்ள உறுதியாக இருந்தாலோ வழக்குத்தான். இங்கிலாந்துச் சட்டத்தோடு வந்த இதே சிக்கல் அவுஸ்திரேலியாவிலும் இருந்தது.

அடிலெயிட்டில் சுங்க அதிகாரியாக இருந்த ரொபேர்ட் டொரென்ஸ், கப்பல்களைப் பதிவேட்டில் எழுதுவது போல நிலத்தையும் எழுதலாமே என்று வாதாடினார். தென் அவுஸ்திரேலியாவில் 1858 இலும், நியூ சவுத் வேல்ஸில் 1863 இலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது. மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, உரிமையைத் தருவது அரசின் பதிவேடு. கையிலுள்ள தாள் அல்ல.

இங்கே வீடு வாங்கும் படிகள் எல்லாம் அந்தப் பதிவேட்டை நோக்கியே போகின்றன. ஒப்பந்தம் மாற்றிக்கொள்ளும் நாளில் வழக்கமாக 10 வீத முற்பணம். ஏலத்தில் வாங்காவிட்டால் பொதுவாக 5 வேலை நாள் யோசிக்கலாம். அதற்குள் விலகினால் விலையில் 0.25 வீதம் போய்விடும். பெரும்பாலும் 6 கிழமையில் 'செற்றில்மென்ட்'. அதற்கு முன் விற்பவரின் பெயர், அவருடைய ஈடு, வேறு யாராவது போட்ட 'கேவியற்' என்ற தடை ஆகியவற்றைச் சட்டத்தரணி பதிவேட்டில் பார்ப்பார். நகரசபை வரியும் தண்ணீர்க் கட்டணமும் நாட்கணக்கில் பிரிக்கப்படும். முத்திரை வரி தனி.

நாங்கள் 2003 இல் வாங்கியபோது, இரு பக்கத்தாரும் வங்கிக்காரரும் ஒரு மேசையில் கூடிக் காசோலைகளையும் உரிமைப் பத்திரத்தையும் மாற்றினார்கள். காசோலை ஒன்றில் தொகை பிழைத்தது. லொறியில் சாமான் ஏற்றி வந்த நாங்கள் திறப்புக்காக அடுத்த நாள்வரை காத்திருந்தோம். இன்று பணமும் பெயர்மாற்றமும் கணினியிலேயே நடக்கின்றன. 2021 ஒக்டோபர் 11 முதல் நியூ சவுத் வேல்ஸில் தாள் உரிமைப் பத்திரம் இல்லை.

ஆகவே நேயர்களே, இரண்டைக் கவனியுங்கள். நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் வரும். பதிவேட்டிலும் கடவுச்சீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் அனுப்ப வேண்டிய கணக்கு இலக்கம் மின்னஞ்சலில் வந்தால், உங்களுக்கு முன்பே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் சட்டத்தரணியைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அம்மாவுக்குப் பதிவேட்டுப் பிரதியொன்றை எடுத்துக் கொடுத்தேன். இது உறுதி அல்ல என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே அதை ஊர் உறுதியோடு சேர்த்துப் பைக்குள் வைத்துவிட்டார்.