இரு முறை சூரியன் உதித்த பிரயாணம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, அடுத்த மாதமே ஜாவாவும் வீழ்ந்தபோது, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஊர் ஊராய் இறங்கி ஏறிச் சென்றுகொண்டிருந்த விமான மார்க்கம் நடுவிலே அறுபட்டுப் போயிற்று. அதை மறுபடி இணைக்கும்பொருட்டு, பெர்த் நகரத்து ஸ்வான் நதியிலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிவரை, இந்து மகா சமுத்திரத்தின்மீது எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 3,500 மைல் பறக்கும் காரியத்தை க்வாண்டாஸ் கம்பெனியார் 1943-ஆம் ஆண்டின் மத்தியில் மேற்கொண்டார்கள்.

கிடைத்தவை ஐந்து காட்டலினா கடல் விமானங்கள். மணிக்குச் சுமார் 125 மைல் வேகத்தில் செல்லும் அவற்றுக்கு இயல்பாக இந்தத் தூரம் எட்டாது. ஆகவே, பனிக்கட்டி அகற்றும் சாதனங்களையும் உட்புறத்துக் காப்புத் தகடுகளையும் கழற்றிவிட்டு, உள்ளே கூடுதல் தொட்டிகளை அமைத்து, ஏறத்தாழ 2,000 காலன் பெட்ரோலை நிரப்பினார்கள். அத்தனை சுமைக்கும்மேல் ஏற்ற முடிந்தது மூன்று பிரயாணிகளும் 152 பவுண்டு தபாலுமே. சாமானில் குறைத்த ஒவ்வொரு பவுண்டும் கடலில் சில மைல்களாக மாறியது என்பதை எண்ணும்போது, தூரம் என்பது பூகோளப் படத்தில் மட்டும் அளந்து முடிப்பதன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிரி விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளிலே கடக்கும்படி புறப்படும் நேரத்தை நிர்ணயித்தார்கள். கம்பியில்லாத் தந்தியை உபயோகித்தால் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடுமாதலால், பெரும்பாலும் மௌனமாகவே சென்று, கோணமானியை நட்சத்திரங்களின்மீது பிடித்துத் திசை கண்டார்கள். விமானங்களுக்கு இட்ட பெயர்களும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களே: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைக்கா. இவற்றுள் அண்டாரிஸ் நம் பஞ்சாங்கத்துக் கேட்டை. ஸ்பைக்கா நம் சித்திரை. காற்றின் போக்கைப் பொறுத்துப் பிரயாணம் 27 மணி முதல் 32 மணிக்கும் மேல் நீண்டது. மிக நீண்டது 32 மணி 9 நிமிஷம். ஒரே பிரயாணத்தில் இரு முறை சூரியோதயம் கண்டவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு நற்சாட்சிப் பத்திரம் வழங்கப்பட்டது.

கொக்கலவில் யுத்தத் தளம் அமைப்பதற்காக அவ்வூர் ஜனங்கள் குறுகிய அவகாசத்தில் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்ததையும் இந்தச் சரித்திரத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். விமானிகளின் வீரத்தைப் புகழ்வோர் பலர் இதைச் சொல்வதில்லை.

1944-இல் வந்த லிபரேட்டர் விமானங்கள், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, அதே சமுத்திரத்தைச் சுமார் 17 மணி நேரத்தில் தாண்டின. 1945 ஜூலையில் காட்டலினாக்கள் ஓய்ந்தபோது, 271 முறை கடந்திருந்தும் ஓர் உயிர்ச்சேதமுமில்லை. ஆயினும் அமெரிக்கா கடன்-குத்தகையாகக் கொடுத்தவை என்ற காரணத்தால், ஒப்பந்தப்படி நான்கை ராட்நெஸ்ட் தீவுக்கு அருகிலும் ஒன்றைச் சிட்னிக்கு அப்பாலும் மூழ்கடித்தார்கள். ஒன்றையேனும் விலை கொடுத்து வாங்கிப் பாதுகாத்திருக்க வேண்டும் என்பதே என் துணிபு.