கடிகாரமும் கதிரவனும்: மொராக்கோவின் ஒரு மணி நேரம்

குளிர்காலத்தில் பகல் குறுகுகிறதே என்று மனிதர் முணுமுணுப்பது புதிதன்று. ஆயினும் மொராக்கோ மக்களின் முணுமுணுப்புக்குத் தனி வரலாறு உண்டு.

ஃபெஸ் நகரில் மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆட்சியில், 1357இல் நீர்க்கடிகாரம் ஒன்று நிறுவப்பட்டது. அந்நகரின் கரவிய்யீன் பள்ளிவாசலில் 'முவக்கித்' எனும் நேரக்கணிப்பாளர் பணியாற்றினார். பகல் நீண்டாலும் குறுகினாலும் தொழுகை நேரம் கதிரவனைப் பின்பற்றியே கணிக்கப்பட்டது.

கடிகாரத்தையே நகர்த்தும் வழக்கம், 1916இல் போர்க்கால நிலக்கரிச் சிக்கனத்துக்காக ஐரோப்பாவில் பரவியது. மொராக்கோ 2008 முதல் ஆண்டுதோறும் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே சென்று, குளிர்காலத்தில் பின்னே திரும்பியது. 2018 அக்டோபர் 26 அன்று, அவ்வாறு திரும்ப இரண்டே நாள்கள் இருக்கையில், கோடை நேரமே ஆண்டு முழுவதும் நீடிக்கும் என அரசு முடிவெடுத்தது. அக்கணக்கில் காசாபிளாங்காவில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிக்கக் காலை எட்டரை மணியாகும். இருளில் பள்ளி செல்வதை எதிர்த்து, நவம்பரில் மாணவர்கள் வீதிக்கு வந்தனர்.

ரமலானில் மட்டும் கடிகாரம் பின்னே வைக்கப்பட்டது. அதனால் நோன்பு ஒரு நொடியும் குறையாது. இஃப்தார் வேளையைக் காட்டும் எண்தான் மாறும்.

குறும்பகல் நோன்புக்கு எளிது, நீளிரவு தொழுகைக்கு வாய்ப்பு என்று குளிர்காலத்தை வரவேற்றனர் நம் முன்னோர். பகலின் அளவு அல்லாஹ்வின் ஏற்பாடு. அதில் குறைகாண நமக்கு இடமில்லை. கடிகாரமோ மனிதரின் ஏற்பாடு. இருளில் நடக்கும் பிள்ளைக்காக அதைக் கேள்வி கேட்பது முணுமுணுப்பு ஆகாது. அது பெற்றோரின் பொறுப்பு.