முகமூடியின் அருகில் ஒரு காவலர்: ஹார்வி புல்லக் என்னும் துணைப்பாத்திரத்தின் வரலாறு

தலைவனை ஆராய்ந்த அளவிற்குத் துணைப்பாத்திரங்களை நம் திறனாய்வாளர் ஆராய்ந்தாரல்லர். தோழிக்கும் பாங்கனுக்கும் செவிலிக்கும் கூற்று வகுத்துக் கொடுத்த இலக்கண மரபினை உடைய நாம், பிற்காலக் கதை இலக்கியங்களைப் படிக்கப் புகும்போது மட்டும் தலைவன் பின்னேயே சென்றுவிடுகிறோம். ஈண்டு யாம் எடுத்துக்கொள்ளும் துணைப்பாத்திரம் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் தோன்றுவது. பேட்மேன் கதைத்தொகுதியில் வரும் ஹார்வி புல்லக் என்னும் காவல்துறைத் துப்பறிவாளரே அப்பாத்திரம். ஆராய்ச்சி இதழில் சித்திரக்கதைக்கு இடமுண்டோ என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். ஒரு கதைத்தொகுதி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது பல கைகளால் எழுதப்பட்டு வருமாயின், பலர் பாடியவற்றைத் தொகைநூலாகப் பயிலும் நமக்கு அஃது அத்துணை அயலானதன்று என்பதே எம் விடை.

இத்தகைய காவலர் பாத்திரங்களைப் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து ஒன்று உண்டு. தலைவனின் அறிவையும் ஆற்றலையும் உயர்த்திக் காட்டுவதற்காகவே அவனருகில் மந்தமான ஒரு காவலர் நிறுத்தப்படுகிறார் என்பதே அது. இக்கருத்துக்குப் பழைய சான்றும் உண்டு. கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே லெஸ்ட்ரேட் என்னும் காவல் அதிகாரி அப்பணியைச் செய்கிறார். ஆயினும் இக்கருத்தைப் புல்லக் வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்பின் அது பாதியளவே பொருந்துகிறது. எஞ்சிய பாதியைக் காட்டுவதே எம் நோக்கம்.

முதலில் காவல்துறையோடு பேட்மேனுக்கு இருந்த உறவின் தொடக்கத்தை அறிதல் வேண்டும். பில் ஃபிங்கர் எழுத, பாப் கேன் வரைந்த முதற்கதை, டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில், 1939 மே மாதத் தேதியிட்டு வெளிவந்தது. அக்கதை தலைவனின் சாகசத்தோடு தொடங்கவில்லை. ஆணையர் கார்டனும் செல்வ இளைஞன் புரூஸ் வேயினும் அமர்ந்து உரையாடும் காட்சியோடு தொடங்குகிறது. முகமூடி அணிந்தவன் யார் என வாசகன் அறியுமுன்னரே காவல்துறை கதைக்குள் வந்துவிட்டது என்பது கருதத்தக்கது. அந்நாளில் பேட்மேன் சட்டத்திற்குப் புறம்பானவன்; காவலர் அவனைத் துரத்தினர். இந்நிலை நெடிது நீடிக்கவில்லை. 1941இன் இறுதியில் வந்த பேட்மேன் 7ஆம் இதழில் அவன் காவல்துறையின் மதிப்புறு உறுப்பினனாக ஏற்றுக்கொள்ளப்படுகிறான். 1942 பிப்ரவரித் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 60ஆம் இதழில் வானத்தில் வௌவால் வடிவை வீசும் ஒளிவிளக்கு முதன்முதல் தோன்றுகிறது. அரசின் கட்டடத்து மேல்மாடத்திலிருந்து, அரசுக்குக் கட்டுப்படாத ஒருவனை அழைக்கும் விளக்கு அது. இம்முரண்பாட்டினை அக்கால ஆசிரியர்கள் முரண்பாடாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

உணர்ந்திருப்பினும் எழுதியிருக்க இயலாத காலமும் விரைவில் வந்தது. 1954இல் ஃபிரெடரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என்று நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சி, அரசு சட்டம் இயற்றுமுன் தாமே ஒரு நெறிமுறையை அக்டோபரில் வகுத்துக்கொண்டனர். நெறிமுறையின் முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர் ஏற்க மறுத்தனர் ஆதலின், அஃது ஏட்டளவில் நின்றதன்று. காவலர், நீதிபதிகள், அரசு அதிகாரிகள் ஆகியோர் மீது மதிப்புக்குறைவு தோன்றுமாறு அவர்களைக் காட்டலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இவ்விதியின் விளைவை இலக்கிய மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தீய காவலரைக் காட்டக்கூடாது என்று விதித்தால் நல்ல காவலர் தோன்றுவர் என்று விதித்தவர் கருதியிருக்கலாம். தோன்றியது நல்ல காவலர் அல்லர், வெறுமையான காவலர். தவறு செய்ய உரிமையில்லாத பாத்திரத்திற்கு மனப்போராட்டமும் இல்லை. மனப்போராட்டம் இல்லாத பாத்திரத்திற்குப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? ஆணையர் கார்டன் தொலைபேசியை எடுப்பவராகவும் விளக்கை ஏற்றுபவராகவும் சுருங்கினார். 1966 முதல் 1968 வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் கார்டனும், அவருடன் நின்ற ஓஹாரா என்னும் தலைமைக் காவலரும், எந்தக் குற்றம் நிகழ்ந்தாலும் சிவப்புத் தொலைபேசியை நோக்கி விரையும் நகைச்சுவைப் பாத்திரங்களாயினர். காவல்துறையின் மாண்பைக் காக்க இயற்றிய விதியே அத்துறையை நகைப்பிற்குரியதாக்கிய இவ்விந்தையை யாம் பெரிதும் சுவைத்தோம் என்று கூறிக்கொள்வதில் தவறில்லை.

1971இல் நெறிமுறை திருத்தப்பட்டது. அதிகாரிகளிடம் ஊழல் உண்டென்று காட்டலாம். ஆயின் அது விதிவிலக்கென்று தோன்றுதல் வேண்டும், குற்றவாளி சட்டப்படி தண்டனை பெறுதல் வேண்டும் என்ற அளவிற்கு வாயில் திறந்தது. அவ்வாண்டிலேயே ஜாக் கிர்பி தம் நியூ காட்ஸ் கதைகளில் டான் டர்பின் என்னும் முதிய துப்பறிவாளரைப் படைத்தார். கடவுளர் இருவர் நகர வீதியில் போரிடும்போது, இஃது எம் நகரம், ஈண்டு ஒழுங்கு காப்பது எம் கடன் என்று வெறும் மனிதராகிய டர்பின் இடையே புகுந்து அடிபடுகிறார். ஆற்றலில் அவர் ஒன்றுமில்லாதவர். ஆயினும் 1972இல் வந்த அக்கதையைப் படிப்பவர் நினைவில் கடவுளரினும் அவரே நிற்கிறார்.

1974இல் புல்லக் தோன்றுகிறார். டிடெக்டிவ் காமிக்ஸ் 441ஆம் இதழில், ஆர்ச்சி குட்வின் எழுத, ஹோவர்ட் சேகின் வரைந்த கதையில் அவர் ஒரு லெப்டினன்ட், பேட்மேனை வெறுப்பவர். மூன்றாண்டு முன்னர் நெறிமுறை தளர்ந்திராவிடில் இத்தகைய கடுகடுத்த காவலர்க்கு அவ்விதழில் எளிதில் இடம் கிடைத்திராது. ஆயினும் அப்போது அவர் நிலைபெறவில்லை, விரைவில் மறைந்துவிட்டார். ஒன்பதாண்டுகள் கழித்து, 1983இல், டக் மென்ச் என்னும் ஆசிரியர் அப்பெயருடைய துப்பறிவாளரை மீண்டும் கொணர்ந்தார். இன்று நாம் அறியும் புல்லக்கின் தொடக்கம் உண்மையில் இதுவே.

பருத்த உடல், கசங்கிய மேலங்கி, நசுங்கிய தொப்பி, வாயில் சுருட்டு, கையில் தின்பண்டம். தோற்றத்தை மட்டும் கண்டார் இவரை விதூடகன் மரபில் சேர்த்துவிடுவர். கதையில் இவர் புகும் காரணமோ வேறு. ஊழல் மிகுந்த நகரத்தலைவர் ஹாமில்டன் ஹில், ஆணையர் கார்டனைக் கவிழ்க்க விரும்பி, அவருக்கு உதவியாளர் என்னும் பெயரில் புல்லக்கை அனுப்புகிறார். தடுமாறுவது போல் நடித்துக் கார்டனின் பணியைக் கெடுப்பதே அவருக்கிடப்பட்ட வேலை. அவ்வாறு செய்துவரும் நாளில் கார்டன் மாரடைப்புற்று வீழ்கிறார்; அதற்குத் தாமே காரணமானதைக் கண்டு புல்லக் உள்ளம் திரும்புகிறார். அதன்பின் கார்டனுக்கு அவரினும் உண்மையுடைய துணைவர் இலர்.

இங்குதான் எம் கருத்தின் அடிப்படை உள்ளது. பேட்மேன் மாற இயலாதவன். சிறுவனாக இருந்தபோது பெற்றோரைத் தெருவில் கொலைக்கு இழந்த அந்த இரவே அவன் தொடக்கம். ஒவ்வொரு ஆசிரியரும் அவனை அவ்விரவிற்கே திருப்பிக் கொண்டுவருவர். முடிவில்லாத தொடர்கதையில் தலைவன் முடிவாக மாறினால் தொடர் நின்றுவிடும் ஆதலின், இது வணிகத்தின் விதியும் ஆகும். காலம் என்பது அக்கதையில் எங்கேனும் விழுந்தாக வேண்டுமே; அது துணைப்பாத்திரத்தின் மேல் விழுகிறது. குற்றம் செய்து வருந்தித் திருந்துதல், பணி இழத்தல், மீளுதல் ஆகிய யாவும் புல்லக்குக்கு நிகழ்ந்தன. பேட்மேன் விரைவில் எழுந்து நிற்பவன்; புல்லக் விழுந்த வடுவோடு நடப்பவர்.

1992 செப்டம்பரில் தொடங்கிய தொலைக்காட்சி ஓவியப்படத் தொடர் புல்லக்கைப் பெரும்பான்மை மக்களுக்கு அறிமுகம் செய்தது. அத்தொடருக்கெனவே படைக்கப்பெற்ற ரெனே மான்டோயா என்னும் பெண் காவலர், தொடர் ஒளிபரப்பாகுமுன்னரே அவ்வாண்டின் சித்திரக்கதை இதழிலும் இடம்பெற்றார். பின்னர் இதழ்களில் அவர் துப்பறிவாளராகிப் புல்லக்கின் இணையாகப் பணியாற்றினார். அத்தொடரின் ஒரு பகுதி தனியே ஆராயத்தக்கது. காவலர் மேற்கொண்ட சோதனை ஒன்று தோல்வியுற்று, கிடங்கு ஒன்று எரிந்துபோகிறது. துறை விசாரணையில் புல்லக், மான்டோயா, வில்க்ஸ் என்னும் இளங்காவலர் ஆகிய மூவரும் தனித்தனியே சான்று கூறுகின்றனர். புல்லக் தம் கூற்றில் பேட்மேனே காரியத்தைக் கெடுத்தான், தாமே அவனைக் காத்தோம் என்கிறார். அவர் குரல் அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கையில் திரையில் ஓடும் படமோ உண்மையைக் காட்டுகிறது. அவரே ஆத்திரப்பட்டு முன்சென்றார், காப்பாற்றப்பட்டவரும் அவரே. கூற்றும் காட்சியும் ஒன்றை ஒன்று மறுக்குமாறு அமைத்த இவ்வுத்தியைச் சிறார்க்கெனக் கருதப்பட்ட ஒரு தொடரில் காண்பது வியப்பே. பொய்ச்சான்று கூறும் ஒரு காவலரை 1954இன் விதி கனவிலும் இசைந்திராது. அப்பொய்யின் காரணம் பணமன்று, அச்சமுமன்று, தன்மானமே. தாம் பல்லாண்டு உழைத்தும் முடியாததை முகமூடி அணிந்த ஒருவன் ஓரிரவில் முடித்துவிடுகிறான் என்னும் பொறுக்கவொண்ணாமை அது. சட்டத்தின் பக்கம் நிற்கும் எளியவன் ஒருவனின் மனக்குறையாக அதனை நாம் கொள்ளலாம். புல்லக்கை நகைச்சுவைப் பாத்திரம் என்று ஒதுக்குவார் இதனைக் காணத் தவறுகின்றனர்.

சக் டிக்சன் 1992இல் இதழில் எழுதி, பின் அதே தொலைக்காட்சித் தொடரில் 1995இல் ஒளிபரப்பான மற்றொரு கதையும் உண்டு. தம்மைக் கொல்ல முயல்பவன் யார் எனப் புரியாமல் புல்லக் பேட்மேனின் உதவியை நாடுகிறார். பெருங்குற்றவாளிகளை எல்லாம் ஐயுற்று அலைகின்றனர். தொலைக்காட்சிக் கதையின் இறுதியில் வெளிப்படுபவனோ, அழுக்கும் குப்பையுமாக வாழும் புல்லக்கை வெளியேற்ற இயலாது சினங்கொண்ட, அவர் குடியிருக்கும் வீட்டின் பொறுப்பாளன்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாத்திரம் தன் மிக இருண்ட கட்டத்தை அடைந்தது. 2001இல் வந்த தொடர்கதையில் கார்டன் முதுகில் சுடப்படுகிறார். சுட்டவன் முன்னாள் காவலன். அவன் குற்றத்தைக் கார்டன் முன்னொரு நாள் வெளிப்படுத்தியிருந்தார். அவனே சுட்டான் என அறிந்தும் மெய்ப்பிக்க இயலாமையால் சட்டம் அவனை விடுவிக்கிறது. புல்லக் அவன் இருப்பிடத்தை அவனைத் தேடும் குற்றக்கும்பலுக்குத் தெரிவித்துவிடுகிறார், அவன் கொல்லப்படுகிறான். இதனைக் கண்டறிபவர் அவருடைய இணையாகிய மான்டோயா. புல்லக் பணி துறக்கிறார். கொலை செய்வதில்லை என்பது பேட்மேனின் அறம். அவ்வறத்தைக் காப்பது அவனுக்கு எளிது. அவனுக்குச் சம்பளமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை, நீதிமன்றத்தில் தோற்ற வழக்கும் இல்லை. அவ்வறத்தின் விலையைச் செலுத்தியவர் காவலரே.

புல்லக் இல்லாத அக்காவல் நிலையத்தைக் களமாகக் கொண்டு, கிரெக் ரக்காவும் எட் புரூபேக்கரும் எழுத, மைக்கேல் லார்க் வரைய, கோதம் சென்ட்ரல் என்னும் தொடர் 2003 முதல் 2006 வரை 40 இதழ்களாக வெளிவந்தது. துப்பறிவாளர்களே இதில் தலைமாந்தர். பேட்மேன் எப்போதேனும் தோன்றும் நிழல். மான்டோயாவின் அந்தரங்க வாழ்வு பகைவன் ஒருவனால் வெளிப்படுத்தப்பட்டு அவர் குடும்பத்தை இழக்கும் பகுதி, 2004இல் ஐஸ்னர் விருது பெற்றது. எம்மைப் பெரிதும் ஈர்த்தது ஒரு சிறு செய்தி. அந்த ஒளிவிளக்கைக் காவலர் எவரும் இயக்கலாகாது. பேட்மேன் என ஒருவன் உண்டென்று துறை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அலுவலகத்தில் தற்காலிகப் பணியிலிருக்கும் ஒரு பெண்ணே விசையை அழுத்துகிறாள். 1942இல் எவரும் எண்ணிப் பாராத முரண்பாடு அறுபதாண்டுகள் கழித்து ஓர் அலுவலக நடைமுறையாக வந்து நிற்கிறது.

புல்லக்கும் இத்தொடரில் ஒருமுறை வருகிறார். அவர் முடிக்காது விட்ட பழைய வழக்கு ஒன்று மீண்டும் எடுக்கப்படுகிறது. முன்னாள் துணைவர்கள் அவரைத் தேடிச் செல்கின்றனர். குற்றவாளியைப் பிடிக்காத வழக்கு ஒரு மனிதனை எவ்வளவு தின்றுவிடும் என்பதே அக்கதை. 2014 முதல் 2019 வரை 100 பகுதிகள் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் இவரே மூத்தவராகவும் இளைஞர் கார்டன் இவரிடம் பணி பயில்பவராகவும் உறவு தலைகீழாக்கப்பட்டது. அதனை விரிப்பின் பெருகும்.

மார்வெல் பதிப்பகத்தின் ஸ்பைடர்மேன் கதைகளில் 1976இல் தோன்றிய ஜீன் டிவொல்ஃப் என்னும் காவல் அதிகாரி, 1985இல் பீட்டர் டேவிட் எழுதிய கதையின் தொடக்கத்திலேயே கொலையுண்டு கிடக்கிறார். கொன்றவன் அவ்வழக்கைத் துப்பறியும் காவலரே எனப் பின்னர் வெளிப்படுகிறது. துணைப்பாத்திரத்தைத் தலைவனின் துயரத்திற்குக் கருவியாக மட்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்ததை இது காட்டும். எனவே எதிர்க்கருத்தினர் கூறுவது முற்றும் பிழையென்று யாம் கூறவில்லை. புல்லக்கும் சில ஆசிரியர் கையில் வெறும் நகைப்புப் பொருளாகவே நின்றதுண்டு.

2006இல் கார்டன் ஆணையராக மீண்டபோது புல்லக்கும் பணியில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டிலேயே கோதம் சென்ட்ரலின் இறுதி இதழ்களில் மான்டோயாவின் இணையர் கிரிஸ்பஸ் ஆலன் ஊழல் காவலன் ஒருவனால் கொல்லப்படுகிறார். கொன்றவன் யாரென மான்டோயாவுக்குத் தெரியும். சட்டத்தின் முன் நிறுத்த வழியில்லை. ஐந்தாண்டு முன்னர்ப் புல்லக் நின்ற இடத்திலேயே அவரும் துப்பாக்கியுடன் நிற்கிறார். சுடவில்லை. காவற்சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்கிறார். அடுத்த ஆண்டு வந்த தொடரில் அவர் முகமற்ற முகமூடி ஒன்றை அணிந்து குற்றம் துருவத் தொடங்குகிறார். புல்லக் அதே பழைய மேலங்கியுடன் நிலையத்தில் பணி செய்துகொண்டிருக்கிறார்.