உள்ளுறை அணியான கதை

உவமை, உருவகம் என்றால் செய்யுளுக்குப் பூட்டிய நகை என்றே பள்ளியில் படிக்கிறோம். 'அணி' என்ற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. தொல்காப்பியத்தில் நிலை வேறு. அங்கே உவமைக்குத் தனி இயல் உண்டு. வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளும் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உள்ளே உணர்த்தும் உள்ளுறை உவமம், காதல் திணைகளைப் பேசும் அகத்திணையியலிலேயே பேசப்படுகிறது. தெய்வம் நீங்கலான கருப்பொருளே, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய விலங்கு, பூ போன்றவையே, அதற்கு இடம் என்கிறது நூல். மருத நிலத்து எருமை தாமரையை மேய்ந்தால், வயலோடு சேர்ந்து பரத்தையிடம் போன தலைவனும் தெரிகிறான். தலைவியின் தோழி வெளிப்படையாகச் சொல்ல முடியாததை எருமை சொல்லிவிடுகிறது. கதையின் பாதி அந்த எருமையிடம்தான் இருக்கிறது; அதை நகை என்று கழற்றி வைக்க முடியுமா?

11ஆம் நூற்றாண்டின் வீரசோழியமும் அடுத்த நூற்றாண்டின் தண்டியலங்காரமும் அணியிலக்கணத்தில் வடமொழி ஆசிரியர் தண்டியைப் பின்பற்றின. பின்னது பொருளணிகளை 35 ஆக வகுத்தது. உள்ளுறையின் சாயல் அதில், கருதியதை மறைத்து அதை ஒத்த வேறொன்றைச் சொல்லும் ஒட்டணியாக, பட்டியலில் ஒன்றாக, ஒதுங்கியது. தொல்காப்பியரும் உவம உருபுகளை அடுக்கினாரே, பட்டியல் புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உருவகத்துக்கு அவர் தனி இலக்கணம் வகுக்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் குறையைத் தண்டியலங்காரம் நிரப்பியது. ஆனால் தொல்காப்பியரின் உள்ளுறைக்குத் திணை வேண்டும், பேசுபவர் வேண்டும், கேட்பவர் வேண்டும். ஒட்டணிக்கு ஒரு செய்யுள் போதும்.