சென்னையில் அச்சேறிய சுல்தானாவின் கனவு

கற்பனைப் புனைவு என்றவுடன் அரபு பயின்றோர் நினைவுக்கு வருவன ஆயிரத்தோர் இரவுகளும், இப்னு துஃபைலின் ‘ஹய் இப்னு யக்ளான்’ நூலும் ஆகும். ஆளற்ற தீவில் தனித்து வளர்ந்து, சிந்தனையாலேயே இறைவனை உணரும் ஒருவனின் வரலாறு அது. 1671இல் ஆக்ஸ்போர்டில் லத்தீன் மொழியாக்கத்துடன் அச்சான பின் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது. ஆனால், நம் சென்னையிலேயே அச்சேறிய ஒரு முஸ்லிம் பெண்மணியின் அறிவியல் புனைகதையை நம்மில் பலர் அறியாதிருப்பது வியப்புக்குரியது.

கமலா சத்தியநாதன் அம்மையார் 1901இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கில இதழில், 1905ஆம் ஆண்டு ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரங்பூர்ப் பகுதியிலுள்ள பைராபந்தில் 1880இல் பிறந்த பேகம் ரொக்கையா.

பெண்ணாடு என நாம் அழைக்கத்தக்க ஒரு நாட்டைக் கனவில் காண்கிறாள் சுல்தானா. அங்கே மகளிர் பல்கலைக்கழகம் ஒன்று பலூன் வழியே மேகத்திலிருந்து நீரை ஈர்க்கின்றது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றது. அடுப்பெரிவதும் அவ்வெப்பத்தாலேயே. மின்சாரத்தால் வயல் உழப்படுகின்றது. மக்கள் வான ஊர்தியில் செல்கின்றனர். ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில் எழுதப்பட்டது இது! அண்டை நாட்டு மன்னன் படையெடுத்து, ஆடவர் தோற்றுநின்றபோது, இரண்டாயிரம் மாணவியர் சூரிய ஒளியைப் பகைவர்மீது பாய்ச்சி விரட்டுகின்றனர்.

போர்க்களம் புறப்படுமுன் அப்பெண்கள் விதிக்கும் நிபந்தனை கருதத்தக்கது. தங்கள் பர்தாவைக் காக்க, ஆடவர் அனைவரும் அந்தப்புரத்துக்குள் செல்ல வேண்டும் என்கின்றனர். சென்ற ஆடவர் திரும்பவேயில்லை. இதைப் பர்தாவுக்கு எதிரான நூல் என்று சிலர் முடிவுகட்டுவது அவசரமாகும். ரொக்கையா தம் வாழ்நாளெல்லாம் பர்தாவைப் பேணியவர். ஹிஜாப் வேறு, கல்விக்கும் வழியின்றி அடைத்துவைப்பது வேறு என்பதே அவர் கொள்கை. மார்க்கம் கேட்காத சிறையை மார்க்கத்தின் பெயரால் கட்டியோரையே அவர் எள்ளி நகையாடினார். 1931இல் வந்த ‘அபரோத் பாசினி’ நூலைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு ஐயமற விளங்கும்.

அரபும் பார்சியும் அறிந்த தந்தை, மகள் வங்கமும் ஆங்கிலமும் கற்பதை விரும்பவில்லை. வீட்டார் உறங்கிய பின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் ஆங்கிலம் கற்பித்தார். கணவர் சகாவத் ஹுசைன், பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாள்களில் பொழுதுபோக்காக எழுதப்பட்டதே இக்கதை. திரும்பி வந்தவர் நின்றபடியே முழுவதும் படித்து, இது கடுமையான பழிவாங்கல் என்றாராம். கதையை இதழுக்கு அனுப்ப ஊக்கமளித்ததும் அவரே.

1909இல் கணவர் மறைந்தார். அவ்வாண்டே அவர் பெயரால் பெண்பள்ளி தொடங்கிய ரொக்கையா, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அதனை மீண்டும் நிறுவினார். 1932இல் மறையும்வரை நடத்தினார். வங்காளம் அவரை மறக்கவில்லை. ஏனைய உலகுக்கு இக்கதையைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது 1988இல் நியூயார்க்கில் வெளியான ரோஷன் ஜஹானின் பதிப்பாகும். 2005இல், சரியாக நூறாண்டு கழித்து, கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களுடன் தாரா புக்ஸ் அதனை மீண்டும் வெளியிட்டது, அதே சென்னையிலிருந்து.